குழாய்க்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று

“…அதுவும் காது கேக்காத மனுசனுக்கு எதுக்கு தம்பி ரெண்டு ஆம்ளிபயர்? வலது காதுக்கு ஒண்ணு, இடது காதுக்கு ஒண்ணா?”

கூலிம் கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருந்தவர் இப்படிக் கேட்டுவிட்டு, கடையில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்று காட்டிக் கொடுக்கிற பார்வை. எல்லாரும் சிரித்தார்கள். பல்ப் வாங்க வந்தவர்கூடச் சிரித்தார். எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. நான் கேட்டது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு இரவலாக. கொடுக்கிறேன் என்று சொல்லலாம், கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். என் அத்தானின் காதை எடுத்துக் கடை வாசலில் தொங்கவிட இவர் யார்?

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூலிமிலிருந்து செர்டாங் வரைக்கும் கல்யாணம், கோயில் திருவிழா, கருமாதி எதுவானாலும் சவுண்டு செட் அவருடையதுதான். ஆறடி ஆள். ரப்பர் தோட்டத்துக்குள் வேன் நுழைந்ததுமே பிள்ளைகள் பின்னால் ஓடும். “அண்ணன் செட் போட்டா அடுத்த தோட்டத்துக்காரனும் மொய் எழுதணும்” என்பார்கள், அவ்வளவு தூரம் கேட்கும். கிட்டே உட்கார்ந்தவர்கள் மட்டும், “காதுக்குள்ள ஊசி விட்டுத் தைக்கிற மாதிரி இருக்குய்யா” என்று பந்தியைக் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொள்வார்கள். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எதைச் சொன்னாலும் முதலில் “ஆ?” என்பார். இரண்டாம் தடவை சொன்னால்தான் பதில் வரும். “பெரிய ஆளுல்ல, ஒரு தடவை சொன்னா மதிக்க மாட்டாரு” என்று எங்கள் கடை முதலாளி சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நான் அதே தெருவில் துணிக்கடையில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசி அது. துணியை அளந்துகொண்டே ஊர் பேசுவதைக் கேட்பது என் பாதிச் சம்பளம். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் ரேடியோப் புத்தகங்கள் கிடைக்கும். படம் பார்த்து, பாதி புரிந்து, மீதியை ஈயம் பற்றவைத்துச் சுட்டுக்கொண்ட விரலால் புரிந்துகொண்டவன் நான். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாக்டரியில் ரோலர் மிஷினில் நின்றவர். ரப்பர் பாலை உறைய வைத்து, கட்டியை அந்த இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நசுக்கித் தகடாக்குவார்கள். அந்த மிஷின் பக்கத்தில் ஒருவர் பேசினால் வாயசைவைப் பார்த்துத்தான் விஷயத்தைப் பிடிக்க வேண்டும். கைக்கு உறை கொடுத்தார்கள். காலுக்கு பூட்ஸ் கொடுத்தார்கள். காதுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? மிஷின் துடைக்கிற பஞ்சில் ஒரு கிள்ளு. “அதை அடைச்சுக்கப்பா” என்றாராம் கணக்கெழுதுகிற கிராணி. எண்ணெய் அழுக்கு இல்லாத பக்கமாகப் பார்த்துக் கிள்ளிக்கொள்ளணுமாம், அது அவர் காட்டிய கரிசனம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காது மங்க ஆரம்பித்ததும் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர், “அழுக்குத்தான், வேற ஒண்ணுமில்ல” என்று வெதுவெதுப்பான எண்ணெய் விட்டு அனுப்பினார். அப்புறம் ஆஸ்பத்திரியில் சட்டைப் பையில் வைக்கிற காது மிஷின் ஒன்று தந்தார்கள். அது எல்லாவற்றையும் பெரிதாக்கியது. காற்றாடி பெரிது, கோப்பிக் கரண்டி பெரிது, நாய் குரைப்பது பெரிது. மனுசர் பேச்சு மட்டும் அப்படியே குழகுழவென்று இருந்தது. அலமாரியில் போட்டுவிட்டார்.

அவருக்குக் காது கேட்காது என்பதே தப்பு. தடித்த சத்தம் நன்றாகக் கேட்கும். பால் லோரி தோட்டத்துத் திருப்பத்தில் வரும்போதே, நாங்கள் யாரும் கேட்பதற்கு முன்னால், எழுந்து செருப்பைத் தேடுவார். கீச்சுக் குரல் மாதிரி மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஊர் ஒரு வாக்கியம் வைத்திருந்தது: “வேணும்கிறது கேக்கும், வேணாங்கிறது கேக்காது.” அடுத்த வீட்டு அம்மா இன்னொன்று வைத்திருந்தார்: “கேக்கலைங்கிறாரு. சரின்னு கத்துனா, கத்தாதேங்கிறாரு. என்னதான் செய்றதாம்?” மனிதர்கள் பேசுவதை மிட்டாய் மாதிரி சேர்த்து வைக்கிறவன் நான். இந்த இரண்டையும் மட்டும் துப்பிவிட்டேன்.

அக்காவின் மகள் நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போனாள். அப்போது தோட்டத்துக்கு டெலிபோன் ஏது? கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஒரு பக்கம் முழுக்க அவள் பேசுவாள், மறுபக்கத்தில் இங்கிருந்து எல்லாரும் பேசித் திருப்பி அனுப்புவோம். கேசட் வந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் அக்கா வீட்டில் கூட்டம் கூடிவிடும். சிரிப்பார்கள், மூக்கைத் துடைப்பார்கள், “அடி இவளே!” என்பார்கள். அத்தான் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருப்பார். முடிந்ததும் கேட்பார்: “என்ன சொல்றா?”

அக்கா அவர் காதோரம் குனிந்து கத்துவாள்: “நல்லா இருக்காளாம்! குளிராம்!”

அவ்வளவுதான். அரை மணி நேரத்துப் பேச்சுக்கு அந்த இரண்டு வார்த்தை. அடுத்த கேசட்டுக்கும் அதே நல்லா இருக்காளாம், அதே குளிராம்.

ஒருநாள் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். “மச்சான், எனக்கு அவ பேசுறதுல உயிரெழுத்து மட்டும் வருது. மெய்யெழுத்தெல்லாம் இங்கிலாந்துலயே நின்னுடுது. சரி, அதை விடு. அவ ஒரு பக்கம் முழுக்கப் பேசுறா. எனக்குக் கிடைக்கிறது ரெண்டு வார்த்தை. மிச்சத்தையெல்லாம் யாரு சாப்பிடுறா?”

பதில் பேசுகிற முறை வரும்போது அவர் மைக் பக்கம் குனிந்து, “நல்லா இருக்கேம்மா, உடம்பப் பாத்துக்க” என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அவள் என்ன கேட்டாள் என்று தெரிந்தால்தானே வேறு ஏதாவது சொல்ல? அந்தப் பிள்ளை அங்கே என்ன நினைத்துக்கொள்ளும்? அடுத்த கேசட்டையாவது அவர் தன் காதால் முழுசாகக் கேட்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே பிடிவாதம் அதுதான்.

அதற்குச் சாமானும் அவர் வீட்டிலேயே இருந்தது. தோட்டம் கைமாறியபோது வெள்ளைக்கார துரை பங்களாவைக் காலி செய்தார். சமையல்காரர் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டார். அத்தான் கேட்டு வாங்கியது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை. பங்களாவில் வேலைக்குப் போனபோது அவற்றின் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியதாம். இடுப்புயரத் தேக்குப் பெட்டிகள். அப்போதே பழசு. தடித்த சத்தத்துக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டம், மெல்லியதற்கு மேலே ஒரு குழாய், பூவரசம் பூ மாதிரி விரிந்த வாய். பின்பக்கம் நான்கு திருகாணிகள். மேலிரண்டையும் கீழிரண்டையும் பித்தளைப் பட்டை சேர்த்திருந்தது. பட்டையைக் கழற்றிவிட்டால் குழாய் தனி, வட்டம் தனி. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம் என்று அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று சொன்னது. வெள்ளைக்காரன் சங்கீத சுகத்துக்காக எழுதி வைத்தது. எனக்கு உறைத்தது வேறு. இரண்டு ஆம்ப்ளிஃபயர் என்றால் சத்தத்துக்கு இரண்டு திருகு. மெல்லிய சத்தத்தை மட்டும் ஏற்றலாம், தடித்ததை இறக்கலாம்.

“அப்ப குழாய் மட்டும் போதுமேடா, கீழது எதுக்கு?” என்று அக்கா கேட்டாள். குழாயை மட்டும் பாட விட்டுக் காட்டினேன். தகரத்தைச் சுரண்டுவது போல் வந்தது, யார் குரல் என்றே தெரியவில்லை. கீழிருந்து மகள் வர வேண்டும், மேலிருந்து அவள் சொல்வது வர வேண்டும். இரண்டும் வேண்டும்.

கீழே வீட்டிலிருந்த கேசட் செட்டின் சொந்த ஆம்ப்ளிஃபயரே போதும் என்று முடிவாயிற்று. மேலே எது? முதலில் நான் கைப்படச் சேர்த்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோனேன். இரண்டையும் ஒன்றாக இணைத்ததும் பெட்டி முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். எங்களுக்கு லேசாகத்தான் கேட்டது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, “யாரு வீட்டுல மாவாட்டுறாங்க?” என்றார். தடித்த சத்தத்துக்கு அவர் காது அவ்வளவு கூர்மை. என்னென்னவோ செய்து பார்த்தும் மாவாட்டுவது நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரேடியோ கடைக்காரரிடம் இருந்த சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் நினைவுக்கு வந்தது. பாட்டு ஒத்திகைக்கு மட்டும் எடுக்கிற, மற்ற நாளெல்லாம் வேனிலேயே கிடக்கிற, பிஸ்கட் டின் அளவுச் சாமான். வால்வுகள் மங்கலாக எரிவதைத் தவிர வேறு பகட்டு கிடையாது. அதைக் கேட்கப் போய்த்தான் “வலது காதுக்கு ஒண்ணா” என்ற பேச்சை வாங்கிக்கொண்டு நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் அவரே சொன்னார். “அந்தச் சின்னதைக் குடுத்தா என் பேரு கெட்டுரும்லா. கேக்காத காதுக்கு நூறு வாட்ஸ் வேணும். நானே ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

“அண்ணே, சத்தம் பெருசா வேண்டாம். மெல்லிசுதான் வேணும்.”

“ஆ?”

திரும்பவும் சொன்னேன். கையை விசிறினார்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு வருவதற்குள் அவர் வேன் வாசலில் நின்றது. திருவிழா ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். மேசை முனகியது. சோதனைக்கு வைத்த பாட்டின் அதிர்வில், சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் நடுங்கிற்று. அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அத்தான் முகத்தைச் சுளித்துக் கையை உயர்த்தினார். “கத்துது, கத்துது” என்றார்.

“பாத்தியா, கேக்குதுல்ல!” என்றார் ரேடியோ கடைக்காரர் வெற்றியோடு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வலிக்கிறது என்று ஒரு மனுசன் கையைத் தூக்குகிறான், இவருக்கு அது கைத்தட்டல்.

பிறகு அவர் செய்ததுதான் உச்சம். தோட்டத்தில் செட் போட்டால் ஒரு ஆளைத் தூரத்துக்கு நடக்க விடுவார்கள். சத்தம் அதுவரை எட்டினால் அந்த ஆள் கையைத் தூக்க வேண்டும். அதுதான் செட் நல்ல செட் என்பதற்குச் சான்று. “தம்பி, நீ பால் நிறுக்கிற கொட்டகை வரைக்கும் நட” என்றார். கேட்க வேண்டியவர் பெட்டிக்கு முன்னால் நாற்காலியில் இருக்கிறார், நான் கொட்டகைக்கு நடக்க வேண்டுமாம்! “அண்ணே, கேக்க வேண்டியது அவருதான்” என்றேன். “ஆ? நடலா, சீக்கிரம் நட” என்றார். அக்காவும் கண்ணைக் காட்டினாள், விருந்தாளியிடம் வம்பு வேண்டாம் என்று. நடந்தேன்.

நான் நடந்த நேரத்தில் அவர் பித்தளைப் பட்டையைக் கழற்றிக் குழாய்க்குத் தனியாகக் கம்பி கொடுத்திருக்கிறார். அந்த ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இரண்டு வகை இணைப்பு உண்டு. ஒன்று பக்கத்தில் வைக்கும் பெட்டிக்கு. மற்றது, தூரத்தில் தென்னை மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு. நீளக் கம்பியில் ஓட வேண்டும் என்பதால் அதில் வேகம் பல மடங்கு. அவருக்குக் குழாய் என்றால் குழாய்தான். பங்களாவில் முணுமுணுத்த குழாயும் தென்னை மரத்துக் குழாயும் ஒரே சாதி. தூரத்து இணைப்பில் மாட்டித் திருகிவிட்டார்.

கொட்டகையில் எனக்கு ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓடி வந்தேன். வீட்டுக்குள் சுட்ட வாடை. அத்தான்தான் முதலில் மோந்து, “கருகுது” என்றாராம். பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

“பழைய சாமான் தம்பி. தானா ரோசாக் ஆயிருக்கும், கெட்டுப் போயிருக்கும்” என்றார் ரேடியோ கடைக்காரர்.

தானா! இத்தனை வருஷம் துரை வீட்டில் பாடிய குழாய், இவர் கைபட்ட மறு நிமிஷம் தானாகச் செத்ததாம். “தானா எப்படிண்ணே போவும்? கையத் தூக்குனாரே, பாத்தீங்களா? கத்துதுன்னு சொன்னாரே, கேட்டீங்களா?” என்று நான் உரக்கவே கேட்டுவிட்டேன். பூசைக்கு உடுத்தின சட்டையோடு சண்டை போட்டது அன்றைக்குத்தான். அக்கா, “சேசுவே, வயசுல பெரியவரு” என்று என் தோளைப் பிடித்தாள். அவர் “ஆ?” என்று மட்டும் சொன்னார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மிச்சம் ஒரு பெட்டி, ஒரு குழாய். அதுவும் போனால் மகளுடைய பேச்சு போனதுதான். நான் யாரையும் கேட்கவில்லை. நேரே வேனுக்குப் போய், கதவைத் திறந்து, பாய்க்கு அடியில் கிடந்த அந்த பிஸ்கட் டின் ஆம்ப்ளிஃபயரை எடுத்து வந்தேன். கடைக்காரர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

நல்ல பெட்டியின் கீழ்வட்டத்துக்கு கேசட் செட், குழாய்க்குச் சின்ன வால்வு. வால்வு சூடாகும் வரை எல்லாரும் காத்திருந்தோம். அத்தான் காதைச் சாய்த்து, “மாவாட்டலை” என்றார். முதல் பரீட்சையில் தேறிவிட்டது. அந்த வாரம் வந்த கேசட்டைப் போட்டேன். நான் மெல்ல மெல்லத் திருகி, எங்கள் காதுக்கு இனிமையாக வந்த இடத்தில் நிறுத்தினேன். “அடேயப்பா, இங்க உக்காந்து பேசுற மாதிரி இருக்கேடா!” என்றாள் அக்கா. அடுத்த வீட்டு அம்மாகூடத் தலையாட்டினார். அத்தான் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னும் வாய்க்குள்ள துணிய வச்சுப் பேசுறா.”

எங்களுக்கு நன்றாக இருந்தால் அவருக்கு நன்றாக இருக்காது. எத்தனை நாளாக இந்த வீட்டில் நடந்துகொண்டிருந்ததும் அதுதானே! நான் எழுந்து, நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன். “நீங்களே திருகுங்க அத்தான்.”

ஒரு கை மேல் ஆம்ப்ளிஃபயரில், ஒரு கை கீழ் ஆம்ப்ளிஃபயரில். கண்ணை மூடிக்கொண்டார். கீழதை இறக்கினார், மேலதை ஏற்றினார். நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் மயிரளவு திருகினாலே துள்ளிக் குதித்தது. இது நூல் நூலாக ஏறிற்று. ஏற ஏற எங்களுக்குத் தாங்கவில்லை. கேசட்டின் இரைச்சல் மீன் பொரிக்கிற சத்தமாக எழும்பிற்று. அவளுடைய ஒவ்வொரு ‘ச’வும் பிளேடு மாதிரி வந்தது. அடுத்த வீட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டு முதலில் வெளியே போனார். பின்னால் ஒவ்வொருவராய் எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். அக்கா கதவு நிலையில் நின்றுகொண்டு முகத்தைச் சுளித்தாள். நானும் நகர்ந்துவிட்டேன். ரேடியோ கடைக்காரர் மட்டும் எரிந்த பெட்டியின் பக்கத்திலேயே அசையாமல் நின்றார். அங்கேயும் வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தானின் கை நின்றது.

“…அப்பா, அந்தக் குட்டைப் பலா காய்ச்சுதா? போன கேசட்லயும் கேட்டேன், அதுக்கு முந்துனதுலயும் கேட்டேன். நீங்க சொல்லவே மாட்டேங்கிறீங்க. இங்க பிள்ளைங்களுக்குப் பலான்னா என்னன்னு கையால காட்டுறேன், அவ்ளோ பெருசு மரத்துல தொங்குமான்னு சிரிக்கிறாங்க…”

அவர் கேசட்டை நிறுத்தினார். ஸ்பீக்கரைப் பார்த்து, “காய்ச்சுதும்மா” என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார் பாருங்கள், அந்த மனுசர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

“பலாவைக் கேட்டிருக்கா! மூணு கேசட்டா பலாவைக் கேட்டிருக்கா! எவளாவது ஒருத்தி எங்கிட்ட வந்து சொன்னீங்களா? குளிராம், குளிராம்னு குளிரையே சொன்னீங்களே!”

“பலாக்கா ஒரு சேதியாங்க?” என்றாள் அக்கா, கதவு நிலையிலிருந்து.

“எங்கிட்ட கேட்டதுல்ல அது? எங்கிட்ட கேட்டதைச் சேதியா இல்லையான்னு நீ யாரு தீர்ப்புச் சொல்ல?”

அவர் திரும்பி உட்கார்ந்து கேசட்டை முதலிலிருந்து ஓட விட்டார். வீடு முழுக்க மறுபடியும் மீன் பொரிந்தது. வாசலில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி, கொய்யா மரத்தடிக்குப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேடியோ கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்து அத்தான் பக்கத்தில் போட்டார். எங்கள் எல்லாருக்கும் ஊசியாய்க் குத்துகிற அந்தச் சத்தத்துக்கு முன்னால், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் கிட்டே போனார். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெல்லக் கையை நீட்டி, குழாய்க்கான ஆம்ப்ளிஃபயரை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தார்.